நான்கு ஓம்

டின் உப்பிவிட்டது.
முதலில் ஏழு, பிறகு ஒரு அட்டி முழுக்க.
குடோன் இருட்டில் மூடிகள்
டப் டப்பென்று தாமாகவே பேசத் தொடங்கின.

பலகையில் தொண்ணூற்றிரண்டு.
நேற்றும் தொண்ணூற்றிரண்டு.
பதிவேட்டில் மணிக்கு மணி அதே எண், அதே மை.
பலகை பொய் சொல்லாது, யசோதா,
என்றார் மேனேஜர் சௌந்தர்.
அப்படியென்றால் ஆள்தான்.

ஆள் என்றால் அனுமந்தப்பன், பாய்லர்க்காரர்.
பத்து நாளாகக் கூழ்க்குழாயைச்
சட்டென்று தட்டிக் கையை எடுத்து
"சூடு பத்தலைங்க" என்று சொல்லிவந்தவர்.
கையில் முள் ஓடுதா என்று கேட்டார்கள்.
நானும் சிரித்தேன் என்றுதான் நினைவு.
மூன்று நாள் வராதே என்றார்கள், போனார்.

ஆனி மாதம். காவேரிப்பட்டணம் ரோட்டில்
கிளிமூக்கு ஏற்றிய லாரிகள்
வளைவு தாண்டி நின்றன.
டிரைவர்கள் டயருக்குப் பக்கத்தில் தூங்கினார்கள்.
பழம் தூங்கவில்லை, பழுத்துக்கொண்டே இருந்தது.

இரவு இரண்டே கால்.
லைனைச் சுற்றில் விட்டுவிட்டு
சென்சாரின் தலைமூடியைத் திருகித் திறந்தேன்.

மூன்று ஒயரோடு பிறந்தது அது:
இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை.
சேதிக்கு இரண்டு போதும்.
மூன்றாவதிடம் சேதி ஏதும் கிடையாது.
வழி எவ்வளவு தின்றது என்று
கணக்குச் சொல்ல மட்டும் கூடப் போவது.

அதைத்தான் டேப் சுற்றி உள்ளே மடக்கியிருந்தது.

போன சீசன் முடிவில் வந்த கான்ட்ராக்டர் ஆள்,
சூட்டில் டிரான்ஸ்மிட்டர் அடிக்கடி போகிறதென்று
அதை ஏசி அறைப் பேனலுக்கு மாற்றிவிட்டு
ஸ்டோரில் கிடந்த இரண்டு கோர் கேபிளை இழுத்திருக்கிறான்.
அறுபது மீட்டர்.
அந்த முனையில் மூன்றாவது இடத்துக்கு
ஒரு துண்டுக் கம்பியால் பாலம்.

மல்டிமீட்டர் வைத்தேன்.
குழாய்ப் பக்கம் நூற்று முப்பத்தொன்று புள்ளி மூன்று.
ஓடிப்போய்ப் பேனல் பக்கம்
நூற்று முப்பத்தைந்து புள்ளி ஐந்து.
நடுவில் நான்கு ஓம், கொஞ்சம் கூட.
போகவர நூற்றிருபது மீட்டர் செம்பு.
அட்டவணையில் விரலை இறக்கினேன்:
பதினொரு டிகிரி.

மண்டியில் கூடையையும் சேர்த்து நிறுத்துவிட்டு
எல்லாம் பழம் என்று எழுதுவது போல.
யாரும் பொய் சொல்லவில்லை.
தூரத்தை யாரும் கழிக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்று கோர் கேபிள் ஓசூரிலிருந்து வரவேண்டும்.
அதுவரை பழம் நிற்காது.
டிரான்ஸ்மிட்டரைப் பேனலிலிருந்து கழற்றினேன்.
மசால்வடை அளவுதான்.
குழாயிலிருந்து ஒரு முழம் தள்ளி,
சூடு தாக்காத சுவர்ப்பெட்டியில் வைத்து,
மடங்கிக் கிடந்த சிவப்பை நிமிர்த்தி,
மூன்றையும் அதற்குக் கொடுத்தேன்.
அங்கிருந்து பேனலுக்கு
அதே பழைய இரண்டு கோர்.

நேற்றுவரை அதில் போனது மின்தடை,
வழியில் கிடப்பதையெல்லாம் வாரிக்கொண்டு போவது.
இன்று போவது மில்லிஆம்பியர்.
பன்னிரண்டு புள்ளி ஆறு இங்கே புறப்பட்டால்
அங்கேயும் பன்னிரண்டு புள்ளி ஆறு.
அதே செம்பு, அதே அறுபது மீட்டர்.

சுழியம் டிகிரிக்கும் நான்கு அனுப்பவேண்டும் இதில்.
ஒன்றுமில்லை என்று சொல்லவும்
உயிர் வேண்டியிருக்கிறது.
நான்குக்கும் கீழே போனால்
குளிர் என்று பொருளில்லை, ஒயர் அறுந்ததென்று பொருள்.

பலகை எண்பத்தொன்றுக்கு விழுந்தது.
நீராவி வால்வு உஸ்ஸென்று திறந்தது.
எண்பத்தைந்து. எண்பத்தொன்பது.
தொண்ணூற்றிரண்டில் குழாயைத் தட்டிப் பார்த்தேன்.
விரல் நுனி இரண்டு நாள் எரிந்தது.

ஷிஃப்ட் ரிப்போர்ட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில்
தூரம் என்று எழுதினேன்.
மேனேஜர் அடித்துவிட்டு
லூஸ் கனெக்‌ஷன் என்று எழுதினார்.

நாலாம் நாள் அனுமந்தப்பன் வந்தார்.
பலகைப் பக்கம் திரும்பவேயில்லை.
குழாயைத் தட்டினார்,
காக்கியில் கையைத் துடைத்துக்கொண்டு
"இப்ப சரி" என்றார், குழாயிடம்.

அந்த மூன்று நாள் சம்பளம் மட்டும்
இன்னும் வழியில் இருக்கிறது.